எடைச்சீட்டு 58213

தணிக்கைக்காரர் ஹால்வர்சன்
சீட்டுகளை என் மேசையில் பரப்பியிருக்கிறார்.
58212 இருக்கிறது.
58214 இருக்கிறது.
நடுவில் அவருடைய பென்சில் நிற்கிறது.

ஒரு லாரிக் கோதுமை, என்கிறார்.
நாற்பது டன்.
மூஸ் ஜாவில் இந்த வருட விளைச்சலுக்கு
அது சின்னக் கணக்கா?

லாரி போகவில்லை, எண்தான் போயிற்று
என்கிறேன்.
எண் எப்படித் தனியாகப் போகும்?

ஜன்னலுக்கு வெளியே காட்டுகிறேன்.
கிழக்கு எடைமேடையில் டார்லீன்,
மேற்கில் அவள் மைத்துனன்.
லாரி ஏறியதும் பொத்தானை அழுத்துவார்கள்.
தரவுத்தளம் அடுத்த எண்ணைக் கிள்ளிக் கொடுக்கும்,
யாருக்கு, எதற்கு என்று கேட்காமல்.
அப்புறம்தான் எடை, ஈரம், தூசு.
எல்லாம் சரியாக இருந்தால் பதிவாகும்.
ஒன்று தவறினாலும்
நடந்ததெல்லாம் நடக்கவே இல்லை;
எண் மட்டும் திரும்பி வராது.
வந்தாக வேண்டுமென்றால்
கிழக்கில் ஒருவர் முடிவெடுக்கும்வரை
மேற்கில் டீசல் புகைந்துகொண்டே நிற்கும்.

பெயரையே சாவியாக வைக்கலாமே?

வைத்துப் பார்த்தார் எனக்கு முன்னால் இருந்தவர்.
குடும்பப்பெயரும் தேதியும் சேர்ந்தால் சாவி.
ஒரு செப்டம்பர் காலையில்
ஏழு சிங்குகள் வந்தார்கள்.
முதல்வர் எடை போட்டுவிட்டுப் போனார்.
நீங்கள்தான் ஏற்கெனவே வந்துவிட்டீர்களே என்று
மீதி ஆறு பேரையும் மறித்தது கணினி.

அவரிடம் சொல்லாத பாதி:
என் பெயர் கோமகள். அப்பா நல்லதம்பி.
ஓட்டுநர் உரிமத்தில் அப்பாதான் முன்னால் நிற்கிறார்.
அலுவலகத்தில் அவரையும் வெட்டி
'நல்லா' ஆக்கிவிட்டார்கள்.
எப்படி இருக்கிறாய், நல்லா?
கேள்வியிலேயே பதிலையும் வைத்துக்
கேட்டுவிட்டுப் போகிறார்கள்.
வங்கியில் எனக்கு ஓர் எழுத்துக்கூட்டல்,
மருத்துவமனையில் வேறு.
பெயரை நம்பி எதையும் இணைக்காதே என்று
எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் பதினாறு, மாலை 4:52.
பதிவேட்டில் இரண்டே வரி:
எண் கொடுக்கப்பட்டது.
இணைப்பு அறுந்தது.

டார்லீனைக் கூப்பிட்டேன்.
காப்பிக் கோப்பையோடு வந்து
சீட்டைப் பார்க்காமலே சொன்னாள்:
ஆலங்கட்டி.
போடான் கோஸ்டியுக்கின் லாரி மேடைமேல் நின்றது.
கூரையில் முதல் கல் விழுந்தது, விளக்கு அணைந்தது.
மனிதர் தார்ப்பாயைக்கூட இழுக்காமல்
லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டு பறந்தார்.
பாதி வயல் இன்னும் அறுக்காமல் கிடந்தது அவருக்கு.

தேடினேன்.
மறுநாள் காலை, 58219, கோஸ்டியுக்.
ஈரம் கூடுதல் என்று விலையைக் குறைத்திருக்கிறோம்.
அறுக்காமல் கிடந்த பாதி
அதற்குப் பிறகு எந்த எண்ணிலும் இல்லை.

ஹால்வர்சன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
சரி, 58213இல் எடை பூஜ்யம் என்று
ஒரு வரி போட்டுவிடுங்கள்.
என் தாள் நிரம்பிவிடும்.

இந்த வேலையில் என் முதல் மாதம்
இப்படித்தான் ஓர் ஓட்டையைப் பார்த்து மனம் கேட்காமல்
எண்ணியைப் பின்னுக்கு இழுத்தேன்.
ஓட்டை அடைந்தது.
அடுத்த லாரிக்கு, முந்தின வாரமே
யாருக்கோ கொடுத்த எண் வந்தது.
அதற்கடுத்த லாரிக்கும்.
நெடுஞ்சாலை வரைக்கும் வரிசை நீண்டது.
இரண்டு மணி நேரம் டார்லீன்
கையால் சீட்டு எழுதினாள்,
என்னைத் திட்டாமல்.
திட்டியிருக்கலாம்.

முடியாது, என்றேன்.
கோதுமை வரவில்லை. வந்ததாக எழுத மாட்டேன்,
பூஜ்யம் டன்னாக இருந்தாலும்.

ரொம்ப நேரம் ஜன்னலையே பார்த்தார்.
பிறகு இரண்டு சீட்டுகளுக்கும் நடுவே
'ஆலங்கட்டி' என்று பென்சிலால் எழுதி
தாளை என் பக்கம் தள்ளினார்.
கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பெயர்?

எழுத்தெழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தேன்.
மூன்றாம் எழுத்தில் கையை உயர்த்தினார்.
வேண்டாம், பணியாளர் எண் போதும்.

319, என்றேன்.

318 என்று இங்கே யாரையும்
நான் பார்த்ததில்லை.